பாண்டமோனியம்: மில்டன் கட்டிய நரகத் தலைநகர்

காது கிழியும் கூச்சலையும் கட்டுக்கடங்காத களேபரத்தையும் ஆங்கிலத்தில் ‘பாண்டமோனியம்’ என்பார்கள். சொல் பேச்சுவழக்கில் தானாக முளைத்ததல்ல. ஜான் மில்டன் உருவாக்கியது. 1667-இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் நரகத்தின் தலைநகருக்கு அவர் சூட்டிய பெயர் அது. அப்போது அவருக்குப் பார்வை முற்றிலும் போயிருந்தது. சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள்.

கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம். ‘டைமோன்’ என்பது தெய்வத்துக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஆவி, நல்லதாகவும் இருக்கலாம். அதைத் தீய ஆவியாக மட்டும் பார்க்கும் வழக்கம் கிறிஸ்தவத்தோடு வேரூன்றியது. இடத்தைக் குறிக்கும் லத்தீன் விகுதியும் சேர, ‘எல்லாப் பேய்களின் இருப்பிடம்’ என்றானது.

காவியத்தின் முதல் காண்டத்தில் அந்தத் தலைநகரின் மாளிகை எழும் காட்சி அபாரமானது. மாமோன் என்ற பேயின் தலைமையில் ஒரு கூட்டம் மலையைப் பிளந்து பொன்னைத் தோண்டுகிறது. அதை உருக்கி வார்க்க, இன்னிசை ஒலிக்க, கட்டடம் ஆவிபோல் மண்ணிலிருந்து கிளம்புகிறது. நாப்தா எண்ணெயும் நிலக்கீலும் ஊற்றிய விளக்குகள் கூரையில் எரிகின்றன. இடம் போதாததால் ராட்சத உருவினரான பேய்கள் குள்ளரினும் சிறிதாகச் சுருங்கி உள்ளே நுழைகின்றன. தலைவர்கள் மட்டும் முழு உருவோடு உள்ளறையில் அமர்கிறார்கள்.

அங்கே கூச்சல் குழப்பம் கிடையாது. பேய்த் தலைவர்களான மோலோக், பெலியால், மாமோன், பீல்செபப் ஒருவர்பின் ஒருவராகப் பேச, ஒழுங்கான விவாதமே நடக்கிறது. மில்டன் கட்டியது ஆலோசனை மண்டபம். பிற்காலத்தார் அப்பெயரைத் தீயோர் கூடும் இடங்களுக்கு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இடம் மறைந்து இரைச்சல் மட்டும் பொருளாக நிலைத்தது. முதலெழுத்தும் பெரியதிலிருந்து சிறியதானது.