அம்மாவின் நான்கு நிமிடமும் ஒரு சிவப்பு விளக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2016-இல் நான் பணி ஓய்வு பெற்றபோது நடந்த விழாவுக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அன்று என் அம்மா மேடையேறிப் பேசியது நினைவிருக்கிறதா? அப்போது அம்மாவுக்கு 83 வயது. வாழ்க்கையில் முதல் முறையாக மைக்கைப் பிடித்து நான்கு நிமிடம் பேசினார். மறு வருடம் போய்விட்டார்.

அந்தப் பேச்சு மிக்ஸரிலிருந்து பதிவாகியிருந்தது. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. முதல் திவசம் முடிந்த அன்று தம்பியும் நானும் உட்கார்ந்து போட்டோம். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரே கரகரப்பு. "இவளை டீச்சர் டிரெயினிங் சேர்க்கையில..." என்று ஆரம்பிக்கிறார். அழுகை முட்டிக் குரல் உயர்கிறது. அதன் பிறகு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மா சொன்னது என்ன என்று தம்பிக்கு ஒரு நினைவு, எனக்கு ஒரு நினைவு.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது மைக் செட் வைத்திருக்கிறான். அவனிடம் கொடுத்து, "சரி பண்ண முடியுமாடா?" என்றேன். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு வந்தான்.

"முடியல டீச்சர். உள்ள வரும்போதே உடைஞ்சிருக்கு."

அவனே விளக்கினான். மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலே கெயின் என்ற திருகு, கீழே ஃபேடர் என்ற தள்ளு குமிழ். கெயின் என்பது மைக்கின் சத்தம் உள்ளே நுழையும் வாசல். ஃபேடர் வெளியே போகும் அளவு. அம்மாவுக்கு முன் பேசிய பெரியவருக்கு மெல்லிய குரல். அவருக்காகக் கெயினை ஏற்றியிருக்கிறார்கள். அடுத்து வந்தவர், வயல் வரப்பில் நின்று ஆள் கூப்பிட்டுப் பழகிய அம்மா. சத்தம் அதிகமானதும் ஃபேடரை இறக்கியிருக்கிறார்கள். சத்தம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை.

"படியில நெல்லைக் கொட்டி, தலையை வழிச்சுத் தள்ளிட்டா, அப்புறம் எந்தச் சாக்குல போட்டாலும் வழிச்சது வருமா டீச்சர்?" என்றான். நான் பாடம் நடத்திய முறையிலேயே எனக்குப் பாடம் நடத்தினான்.

அன்று மிக்ஸரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்ததை நானே பார்த்தேன். கரண்ட் விளக்கு என்று நினைத்தேன். அளவு தாண்டுகிறது என்று அது நான்கு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

போன மாதம் சித்தியின் குரலைப் பதிவு செய்தோம். அவனே சின்ன மிக்ஸரும் ரிக்கார்டரும் கொண்டுவந்தான். வேலையை என்னைச் செய்ய வைத்தான். முதலில் கெயினை முழுக்க இறக்கினேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். "சித்தி, மாட்டைக் கூப்பிடுற மாதிரி ஒரு சத்தம் போடுங்க" என்றேன். மெதுவாகப் பேசும்போது அளவு வைத்தால், சிரிக்கும்போதும் அழும்போதும் உடைந்துவிடும். அவர் சத்தம் போடப் போடக் கெயினை ஏற்றி, சிவப்பு எட்டிப் பார்த்ததும் நன்றாகக் கீழே இறக்கினேன்.

ரிக்கார்டரில் 0 தான் உச்சி, அதற்கு மேல் இடமே இல்லை. சாதாரணப் பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி வைத்தோம். சித்தி வாய்விட்டுச் சிரித்தபோது மைனஸ் 5 வரை போனது. உடையவில்லை. ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தோம். பேசி முடிக்கும் வரை என் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. கொஞ்சம் குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உடைந்ததை ஒட்ட முடியாது.

முடிவில், "அன்னைக்கு அம்மா என்ன சொன்னாங்க சித்தி?" என்று கேட்டேன்.

"நானும் அழுதுக்கிட்டு இருந்தேன்டி. காதுல விழல" என்றார். அதுவும் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்