காலை ஆறு மணிக்குக் கேட்கும் சத்தம்

"பகல்ல கொண்டாந்தா ஒண்ணும் கேக்காது சார். காலைல ஆறு மணிக்கு வந்துருங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார் பாய். சென்னை புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அவருடைய கார் ஏ.சி. பட்டறை. பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு உதிரிபாகம் விற்கும் பேட்டை. பத்து மணிக்கு மேல் சுத்தியலும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்துகொண்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நான் போனபோது பால் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

என் வண்டியின் கதை சின்னது. ஏ.சி. போட்டால் கொசு ரீங்காரம்போல ஒன்று எழும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளையாக ஏறும். வேறொரு பட்டறையில் கேஸ் குறைந்திருக்கிறது என்று அடித்து அனுப்பினார்கள். ஊளை கூடியது. திரும்பப் போனேன். கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நண்பர் ஒருவர்தான் பாயிடம் போகச் சொன்னார்.

பாய் பானெட்டைத் திறந்தார், எதையும் தொடவில்லை. எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே உட்கார்ந்திருந்த உதவியாளரிடம், "தம்பி, ஏ.சி. போடு" என்றார். கிளட்ச் 'டக்'கென்று ஒட்டியது. ஊளை எழுந்தது. "நிறுத்து. போடு. நிறுத்து." ஐந்தாறு முறை இப்படி. கடைசியில் என் பக்கம் திரும்பி, "இது ரெண்டு சத்தம் சார், ஒண்ணு இல்ல" என்றார்.

அந்த 'டக்'கில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன். கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் புல்லி, எஞ்சின் ஓடும்வரை பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஏ.சி. போட்டால்தான் மின்காந்தம் கிளட்ச் பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் உள்ளே பிஸ்டன்கள் ஓடும். ஆகவே ஏ.சி. போடாதபோதும் சத்தம் வந்தால் புல்லி பேரிங்கையோ, அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர், டென்ஷனர் போன்றவற்றையோ சந்தேகிக்க வேண்டும். போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரஸரின் உள்பக்கம், ஆயில், கேஸ் என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஏ.சி. இல்லாதபோதும் மெல்லிய இழையாக ஒரு முனகல் இருந்திருக்கிறது. பெரிய ஊளையின் அடியில் அது எனக்குக் கேட்கவே இல்லை.

ஒரு கை தண்ணீர் எடுத்து, ஓடும் பெல்ட்டின் உள்பக்கம் தெளித்தார். சத்தம் மாறவில்லை, பெல்ட் தப்பித்தது. அடுத்து ஒன்றரை அடி நீள ஸ்க்ரூடிரைவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ஃபேன் பக்கம் போகாமல் உடம்பை ஒதுக்கி, அதன் முனையை ஆல்டர்னேட்டரில் வைத்தார். பிடியைக் காதுத் துளையில் வைக்கவில்லை, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். வலது காது சில வருடமாக மந்தமாம். எலும்பு வழியாகப் போகும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்றார். ஆல்டர்னேட்டர், டென்ஷனர், கடைசியாகக் கம்ப்ரஸரின் மூக்குப் பகுதி. அங்கே சற்று அதிக நேரம் நின்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். முனை தொட்டதும் மண்டைக்குள் மணலை அரைப்பதுபோல நறநறவென்றது.

உதவியாளர் ஐ.டி.ஐ. முடித்தவர். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "கோட் ஒண்ணும் இல்ல பாய்" என்றார். சத்தத்துக்கு ஏது கோட்?

அடுத்து கேஜ் செட். நீலக் குழாய் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். ஏ.சி. ஓடும்போது சிவப்பு முள் 280 பி.எஸ்.ஐ.யில் நின்றது, அந்தக் காலை நேரத்துக்கு 200-க்குள் இருந்திருக்க வேண்டும். கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது. மிஞ்சியது திரவமாகி கண்டென்ஸரை அடைத்துக்கொள்கிறது. ஆவி குளிர இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளும் கம்ப்ரஸர் கத்துகிறது. "எஞ்சின் நிக்கும்போது முள்ளப் பாத்து கேஸ் அடிச்சிருப்பாங்க" என்றார். அது சரியான முறை இல்லை. ஓடாத வண்டியில் கேஜ் காட்டுவது வெப்பநிலையைத்தான். 28 டிகிரியில் ஆர்-134ஏ கேஸ் 90 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை 200 கிராம் இருந்தாலும் அதே 90, 500 கிராம் இருந்தாலும் அதே 90. எடைதான் உண்மையைச் சொல்லும்.

என் வண்டியின் பானெட் ஸ்டிக்கரில் 400 கிராம் என்று போட்டிருந்தது. பாயின் மெஷின் உறிஞ்சி எடுத்தது 540. அதைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு சூடேற்றும் என்கிறது ஐ.பி.சி.சி.யின் நான்காவது அறிக்கை. அரைக் கிலோ வாயுவுக்கு எழுநூறு கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்று கணக்கு வரும். இதைக் குறைக்கச் சொல்லும் 2016-ஆம் ஆண்டுக் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. சந்துக்குள் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுபவர் பாய் மாதிரி ஒருவர்தான். அதற்கான மெஷினை அவர் தன் காசில்தான் வாங்கியிருக்கிறார்.

வேக்குவம் பம்ப் அரை மணி நேரம் ஓடியது. உள்ளே இருக்கும் ஈரம் அந்த வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்குக் குறுக்குவழி இல்லை. அந்த இடைவெளியில் டீ குடித்தபடி தன் உஸ்தாதைப் பற்றிச் சொன்னார். அம்பாசடர்களில் ஆர்-12 ஓடிய காலம். லீக் கண்டுபிடிக்க உஸ்தாத் ஒரு சின்ன விளக்கை ஏற்றிக் குழாயோரமாக நகர்த்துவாராம். கேஸ் கசிந்தால் தீ பச்சையாகிவிடும். அந்தக் கேஸில் இருந்த குளோரின் செய்த வேலை அது. ஓசோனைத் தின்றதும் அதே குளோரின்தான். ஆர்-134ஏ-யில் குளோரின் இல்லை. விளக்கு பயனற்றுப்போனது. "ஆனா அழகா இருக்கும் சார் அந்தப் பச்ச" என்றார்.

கேஸோடு வெளியே வந்த ஆயிலை அளந்து, அதே அளவு புது ஆயில் விட்டு, தராசில் 400 கிராம் கேஸ் ஏற்றினார். ஊளை போய்விட்டது. முனகல் மட்டும் மிச்சம்.

பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றச் சொன்னார். உள்ளே கரகரத்தது. எஞ்சினைப் பெல்ட் இல்லாமல் ஓடவிட்டார், முனகல் இல்லை. அதையும் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டார். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியில் அதற்கு மேல் விட்டால் எஞ்சின் சூடேறிவிடும். இனிச் செய்ய வேண்டியது பேரிங் மாற்றுவதுதான். அதற்குக் கேஸ் லைனைத் திறக்க வேண்டியதே இல்லை. நடு நட்டை எடுத்து, பிளேட்டைக் கழற்றி, சர்க்லிப்பை விடுவித்து, புல்லியை இழுத்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தார்கள். கிரீஸ் கருகித் தூளாகியிருந்தது. புதியதைப் பொருத்திய பிறகு, பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. அதிகமானால் கிளட்ச் வழுக்கும், குறைந்தால் உரசும்.

பில்லில் மூன்று வரி: பேரிங், கேஸ், லேபர். மொத்தம் 3,200 ரூபாய். அந்த ஒன்றரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டதற்கு என்ன என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் யாரு சார் குடுப்பாங்க? கம்ப்ரஸர் மாத்தினா கடைக்காரன் கமிஷன் தருவான். கேட்டதுக்கு?"

மருத்துவருக்கு நாடி பார்த்ததற்கே கொடுக்கிறோம். இந்தத் தொழிலில் தப்பாகச் சொல்பவருக்குத்தான் வரும்படி அதிகம் என்பது என்னை உறுத்தியது. நான்காவது வரியாக 500 ரூபாயை நானே எழுதி வைத்தேன். மறுத்துவிட்டு, கடைசியில் அதைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். தம்பி அப்போது ஸ்க்ரூடிரைவரைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, புதுப் பேரிங் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய்தான் அப்படி நிற்கவைத்திருந்தார். நல்ல பேரிங்கின் சத்தம் காதில் பதியும்வரை அவரை நகரவிடவில்லை.

ஒன்பதரைக்கு நான் கிளம்பும்போது எதிர்க்கடையில் சுத்தியல் ஆரம்பித்துவிட்டது. சந்து முனையில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "ஏ.சி. போட்டா கத்துது பாய்" என்று கத்தினார். பாய் காதைத் தொட்டுக் காட்டி, ஆறு விரல்களை நீட்டினார்.