தம்பி பெயரில் அக்காவின் பாட்டு

ஆக்ஸ்போர்டு நகரத்துக்குப் போனால், பிராடு வீதியில் இருக்கும் வெஸ்டன் புத்தகசாலையைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். சர்வகலாசாலையின் புகழ்பெற்ற பாட்லியன் நூல்நிலையத்தின் ஓர் அங்கம் இது. முன்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆனால் ஏடுகளைப் புரட்ட வேண்டுமானால் அங்கத்தினர் சீட்டு வேண்டும். “உள்ளே நெருப்பு மூட்டமாட்டேன்” என்று வாக்குறுதியும் கொடுக்க வேண்டும்! புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டுவிடாதீர்கள். 1645-இல் முதலாம் சார்லஸ் மன்னருக்கே இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள்!

இங்கேதான் ஜெர்மானிய சங்கீத மேதை பெலிக்ஸ் மெண்டல்ஸனுக்கு வந்த கடிதங்கள் பச்சை அட்டைப் புத்தகங்களாக இருக்கின்றன. அவருடைய அக்கா ஃபானி எழுதியவையும் அவற்றில் உண்டு.

யார் இந்த ஃபானி? தம்பிக்குச் சமமாகச் சங்கீதம் பயின்றவள். ஆனால் சங்கீதம் அவனுக்குத் தொழிலாகலாம், உனக்கு வெறும் ஆபரணந்தான் என்று 1820-இல் தந்தை எழுதிவிட்டார். ஆகவே அவள் இயற்றிய மூன்று பாட்டுக்கள், தம்பியின் எட்டாம் எண் தொகுதியில் அவர் பெயரிலேயே அச்சேறின. 1842-இல் விக்டோரியா மகாராணி அதிலிருந்து ‘இட்டாலியென்’ என்ற பாட்டை ஆசையோடு பாடினார். “இது என் அக்காவுடையது” என்று பெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று! 1846-இல்தான் ஃபானி தன் பெயரிலேயே முதல் தொகுதியை வெளியிட்டாள். மறு வருஷமே, 41-வது வயதில், காலமானாள்.

அவள் பாட்டுக்களின் ஸ்வரக் குறிப்புகளைத் தேடப்போகிறீர்களா? பிரயாணத்துக்கு முன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ‘ஸோலோ’ என்ற ஆக்ஸ்போர்டு அட்டவணையைப் பாருங்கள். பாட்டின் பெயரை ஜெர்மன் மொழியிலேயே கொடுங்கள். தொகுதி எண்ணையும் சேருங்கள். முக்கியமாக, ‘ஹென்ஸல்’ என்ற அவள் புக்ககத்துப் பெயரைக் கொடுங்கள். தம்பி பெயரை மட்டும் கொடுத்தால், அக்கா பின்னால் மறைந்து நிற்பாள்! பழைய பதிப்புகளுக்கு, 2006-இல் தொடங்கிய ‘ஐ.எம்.எஸ்.எல்.பி.’ என்ற இன்டர்நெட் சேமிப்பும் உதவும். பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அட்டையில் அச்சிட்ட பெயர் ஒன்று, பாட்டுக்குப் பிறப்பளித்தவள் பெயர் வேறொன்று! சரியான பெயரைச் சொல்லி நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும், ஃபானிக்குச் சேரவேண்டியது ஃபானிக்கே போய்ச் சேருகிறது.