கோவணமும் குடும்பமும்

"கோவணத்தைக் காக்கப் போய்ச் சம்சாரியான கதை" என்பர் நம்மவர். துறவியொருவரின் கோவணத்தை எலி கடித்தது. எலியை விரட்டப் பூனை. பூனைக்குப் பாலூட்டப் பசு. பசுவுக்குத் தீவனம் விளைக்க நிலம். நிலத்தையும் வீட்டையும் பார்க்க மனைவி! துறவு தொலைந்தது. வங்கத்து இராமகிருஷ்ண பரமஹம்சரும் (1836–1886) பற்று வளரும் விதத்தை விளக்க இக்கதையைச் சொன்னார். நாமோ, எடுத்த காரியத்தை மறந்தவரைச் சுட்ட வழங்குகிறோம். ஒவ்வோர் அடியும் நியாயமானதே. சேர்ந்த இடமே வேறு.

நம் சங்கங்களைப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று சங்கம் காண்கிறோம். சங்கத்துக்குக் கட்டடம், கட்டடத்துக்கு நிதி, நிதிக்கு விழா, விழாவுக்குத் தலைவர், தலைவருக்கு மாலை. முதல் மாலை எவருக்கென்று பூசல்! படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளை எங்கே? அடுத்த கூட்டத்தில், கணக்கு வாசிக்குமுன், இக்கேள்வியைக் கேட்போமாக.