ஐம்பத்தைந்தாம் எண் சட்டை

ஓஷன்சைடில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கூடத்தில், நம் வீடுகளில் சாமி படம் மாட்டும் உயரத்தில், ஒரு சட்டை மாட்டியிருந்தது. கருநீலச் சட்டை. கண்ணாடி போட்ட சட்டகம். நடுவில் பெரிதாக 55. அதற்குக் கீழே ஓர் அலமாரி நிறைய வீடியோ கேசட்டுகள்.

கிள்ளானிலிருந்து படிக்கப் போன எனக்கு அந்த எண் யாருடையது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உட்காரு" என்றார். அன்று இரவு பாடம் படிக்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மறித்துச் சாய்க்க வேண்டும். தற்காப்பு அணியின் முன்வரிசையில் மூன்று நான்கு பேர் மலை மாதிரி குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவன் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை நொடிக்குள் கணித்து, ஓடிப்போய் முழு வேகத்தில் உடம்பால் மோதுவான். கபடி மாதிரி காலைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. இடிதான். ஓர் ஆட்டத்தில் பத்துப் பதினைந்து இடி.

ஜூனியர் சேயாவ் அதை 20 பருவங்கள் செய்தார். சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி 1990-இல் அவரை எடுத்தது. 1991 தொடங்கித் தொடர்ந்து 12 முறை 'புரோ பௌல்' நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். ஆனால் வீட்டுக்காரருக்குப் பிடித்த கேசட் ஒன்றுதான். 1995 ஜனவரி 15, பிட்ஸ்பர்க். ஜெயித்தால் சூப்பர் பௌல். கழுத்தில் நரம்பு அழுத்தும் வலியோடு சேயாவ் இறங்குகிறார். அந்தக் கழுத்தோடு 16 பேரை மறித்துச் சாய்க்கிறார். சான் டியேகோ 17, பிட்ஸ்பர்க் 13. அதற்கு முன்னும் பின்னும் அந்த அணி சூப்பர் பௌல் பக்கம் போனதில்லை. போன அந்த ஒரு தடவையும் 49-க்கு 26 என்று தோற்றது. அதை அவர் கேசட்டில் வைத்திருக்கவில்லை.

ஓர் இடி வரும்போது டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டுவார். மறுபடி போடுவார். மறுபடி. முதல் செமஸ்டரில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வருஷம், அந்த இடி வருவதற்கு முன்பே நான் கத்த ஆரம்பித்திருந்தேன்.

சேயாவ் அந்த ஊர்ப் பிள்ளை. பெற்றோர் அமெரிக்க சமோவாவிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு ரப்பர் தொழிற்சாலையில் வேலை, பள்ளிக்கூடத்தில் துப்புரவுப் பணியும். அம்மா சலவைக்கடையில். அண்ணன் தம்பிகள் கார் கொட்டகையில் படுத்து வளர்ந்தார்கள். ஏழு வயதுவரை வீட்டில் சமோவா மொழிதான், ஆங்கிலம் தெரியாது. இதைக் கேட்டதும் எனக்கு அவர் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டார். என் அப்பா பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

பெரிய ஆளான பிறகும் சேயாவ் ஓஷன்சைடில்தான், கடற்கரையோரம் வீடு எடுத்து இருந்தார். அலைச்சறுக்குப் பலகையோடு அலைவார், உக்குலேலே வாசிப்பார் என்பார்கள். எதிர்ப்படுகிற எல்லாரும் அவருக்கு 'பட்டி'தான். நம்ம பையன்கள் 'மச்சான்' என்பது மாதிரி. வீட்டுக்காரரும் அதைத் தொற்றிக்கொண்டு என்னை 'பட்டி' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் அவரை நேரில் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான் போல.

2006-இல் ஓய்வு அறிவித்தபோது, இது ஓய்வு இல்லை, பட்டம் வாங்குகிறேன் என்றார். நாலே நாளில் நியூ இங்கிலாந்து அணியில் சேர்ந்துவிட்டார். இதைச் சொல்லி வீட்டுக்காரர் சிரிப்பார். 2010 அக்டோபரில் சேயாவின் கார் கார்ல்ஸ்பாடில் கடலோரச் செங்குத்துச் சரிவில் இறங்கியது. ஓட்டும்போது தூங்கிவிட்டேன் என்று அவர் சொன்னார். "களைப்பா இருந்திருப்பான்" என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

2012 மே 2, புதன்கிழமை. வகுப்பு முடிந்து வந்தால் வீட்டுக்காரர் டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் நின்றிருந்தார். சேயாவ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 43 வயது. டிவியில் அவருடைய அம்மா அழுதுகொண்டிருந்தார். நாங்கள் சத்தத்தைக் குறைத்தோம்.

சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் போனோம். பூக்கள், அட்டைகள், 55 எழுதிய காகிதங்கள். வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கானவர்கள் சறுக்குப் பலகைகளில் கடலுக்குள் துடுப்பிட்டுப் போய் வட்டமாக நின்றார்கள். அலையோடு வாழ்ந்தவனை அங்கே அப்படித்தான் வழியனுப்புவார்களாம். நாங்கள் கரையில் நின்றோம்.

மே 11 அன்று ஸ்டேடியத்தில் பொது அஞ்சலி. 20,000 பேர் அளவுக்குக் கூட்டம். கிளம்பும்போது வீட்டுக்காரர் சட்டகத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றில் பிடித்தது. ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்தார்.

வரிசையில் நின்றபோது, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். அதை இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒவ்வொருத்தரும் ஓர் இடியைத்தான் சொன்னார்கள். எந்த வருஷம், எந்த அணி, யார் விழுந்தார்கள், மோதிய சத்தம் மேல்படி வரைக்கும் எப்படிக் கேட்டது. சொல்லும்போது கையை முட்டிக் காட்டினார்கள். அழுதுகொண்டே காட்டினார்கள். என் முறை வந்தபோது நானும் பிட்ஸ்பர்க் இடியைச் சொன்னேன், ஏதோ அங்கே இருந்தவன் மாதிரி. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஒரே ஓர் அம்மா மட்டும், என் பையனை ஒரு நாள் 'பட்டி' என்று கூப்பிட்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றார்.

அந்த ஜூனில் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன். செப்டம்பரில், சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தன்று, 55-ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி விழா எடுத்தது. 2013 ஜனவரியில் ஆய்வு முடிவு வந்தது. குடும்பம் அவருடைய மூளையை அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனங்களிடம் கொடுத்திருந்தது. யாருடைய மூளை என்று சொல்லாமலே வெளி நிபுணர்களிடமும் மாதிரிகளைக் காட்டியிருக்கிறார்கள். பதில் ஒன்றுதான்: சி.டி.இ. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு. 'டாவ்' என்ற புரதம் மூளைக்குள் திட்டுத்திட்டாகப் படியும். நினைவு, நிதானம், மனநிலை எல்லாம் மெல்ல மெல்லக் குலையும். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. மயங்கி விழுகிற பெரிய அடிதான் காரணம் என்றில்லை. ஒன்றும் ஆகாத மாதிரி எழுந்து போகிற சின்ன அடிகளும் சேரும்.

சேயாவுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஒரு பதிவும் இல்லை. 20 பருவம் ஆடியவருக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, முஷ்டியை ஆட்டிக் கொண்டாடினார். நாங்கள் கைதட்டினோம்.

ஒருவர் ஏன் அப்படி ஒரு முடிவுக்குப் போகிறார் என்பதை ஒரு நோயின் பெயரால் மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் 'இதுதான் காரணம்' என்று நான் எழுத மாட்டேன். ஆனால் வரிசையில் நின்று நாங்கள் சொன்ன கதைகள் எல்லாமே அந்த மூளைக்குள் நடந்த கதைகள். அன்புக்காக நாங்கள் சேமித்து வைத்ததும் அவரைத் தின்றதும் ஒன்றுதான். இதை நினைக்காமல் அவரை நினைக்க எனக்கு வழி தெரியவில்லை.

2015-இல் அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். சமோவா வம்சத்தில் முதல் ஆள். மகள் மேடையில் அப்பாவுக்காகப் பேச விரும்பினார். இறந்தவர்கள் சார்பில் யாரும் உரையாற்றுவதில்லை என்பது விதி என்றார்கள். கடைசியில் காணொளியும் சின்னதாக ஒரு மேடை நேர்காணலும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் தலையைப் பத்தி நான் ஒரு நாளும் நினைச்சதில்ல, பட்டி. கழுத்து வலிக்குதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் கத்தினேன்" என்றார்.

2017-இல் அணியே சான் டியேகோவை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. நாங்கள் வரிசையில் நின்ற ஸ்டேடியத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். சட்டை மட்டும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, சட்டகம் இல்லாமல், ஆணியில்.

இதையெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அக்காள் மகனின் ரக்பி ஆட்டம் பார்க்கப் போனேன். படிவம் இரண்டு படிக்கிறான். ஒரு மோதலில் கீழே விழுந்தான். எழுந்தவன் எங்கே நிற்பது என்று தெரியாத மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல் கேட்டது: "ஒண்ணுமில்லடா, ஓடு, ஓடு!" என் குரல்தான். அவன் ஓடினான். நான் கைதட்டினேன். திரும்பி வரும்போது காரில் வாந்தி எடுத்தான். அக்காள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதில் சொல்லவில்லை. கிளினிக்கில் இருட்டறையில் படுக்கவைத்து, மூன்று வாரம் விளையாட்டு கூடாது என்றார்கள். பையன் தேறிவிட்டான். "மாமா கத்தினது கேட்டுச்சு, அதான் எழுந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பிட்ஸ்பர்க் ஆட்டத்தின் துண்டுகள் யூடியூபில் இருக்கின்றன. இன்னமும் பார்க்கிறேன், மறைக்க மாட்டேன். அந்த இடி வரும் இடம் மனப்பாடம். அங்கே இப்போது நிறுத்துவதில்லை, பின்னால் ஓட்டுவதும் இல்லை. இடித்து விழுந்த பிறகு 55 எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுகிறேன்.