நான்கு பந்திச் செய்தியும் ஒரு சமையல்காரரின் விரலும்

2005 ஆம் ஆண்டு ஜூலை 27 ஆம் திகதி இரவு கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் கடமையில் இருந்தேன். முந்திய நாள் மும்பையில் 24 மணித்தியாலத்தில் 944 மில்லிமீற்றர் மழை கொட்டியிருந்தது. நகரமே நீருக்குள் நின்றது. படங்கள் வந்து குவிந்தன. அவற்றுக்கிடையே மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் நின்ற எண்ணெய் மேடை ஒன்று தீப்பற்றி எரிவதாக ஒரு செய்தி முகவரகம் அறிவித்தது. வெள்ளத்துக்கு முன்பக்கத்தைக் கொடுத்துவிட்ட பிறகு இதற்கு இடமில்லை. நான்கு பந்திகளாகச் சுருக்கி, உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அதைப்பற்றிப் பிறகு நான் நினைக்கவுமில்லை.

நினைக்க வைத்தவன் என் சித்தியின் மகன். வளைகுடா நாடொன்றில் எண்ணெய், எரிவாயு வயல்களில் வெல்டராக வேலைசெய்தவன். 2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், எவரும் எதிர்பாராமல் ஊர் திரும்பினான். யாழ்ப்பாணம் போகுமுன் வெள்ளவத்தையில் என் அறையில் இரண்டு நாள் தங்கினான். முதல் நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேட்டான்:

"அண்ணா, போன வருஷம் பொம்பேயில ஒரு பிளாட்போம் எரிஞ்சதெல்லே, உங்கட பேப்பரில போட்டனீங்களோ?"

போட்டோம் என்றேன். நானே போட்டேன் என்றும் சொன்னேன்.

"குசினிக்காரன்ர விரலைப் பற்றிப் போட்டனீங்களோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனே சொன்னான். அந்த விபத்தை அவர்களுக்குக் காலை வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் விவரித்திருந்தார்களாம். பின்னர் நான் தேடி வாசித்ததில் அவன் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

மும்பை ஹை வடக்கு மேடைத் தொகுதிக்கு அருகில் 'சமுத்ரா சுரக்ஷா' என்ற உதவிக் கப்பல் வேலையில் இருந்தது. அதன் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. கரைக்கு அனுப்பி வைத்தியம் பார்க்கவேண்டும். மழை காரணமாக ஹெலிகொப்டர் வரமுடியவில்லை. எனவே மேடையிலிருந்து பாரந்தூக்கி மூலம் ஒரு கூடையை இறக்கி, காயம்பட்டவரை மேலே எடுத்து, அங்குள்ள மருத்துவரிடம் காட்டுவதென முடிவாயிற்று. காற்றுக்கு மறைவான பக்கத்திலிருந்த பாரந்தூக்கி வேலைசெய்யவில்லை. ஆகவே கப்பல் காற்று அடிக்கும் பக்கமாக மேடையை நெருங்கியது. அதன் உந்துவிசைப் பொறிகளில் கோளாறு இருந்ததால் கணினியை விட்டுக் கையால் செலுத்தினார்கள். காயம்பட்டவரைத் தூக்கிவிட்டார்கள், அவர் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தும்விட்டார். கப்பல் விலகும்போதுதான் அலை அதை மேடையின் பக்கம் தள்ளியது. கப்பலின் ஹெலிகொப்டர் தளம், மேடையின் வாயுவைக் கொண்டுசெல்லும் நிலைக்குழாயில் மோதியது. வாயு கசிந்து தீப்பிடித்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த மேடை இல்லாமற் போயிற்று. மேடைத் தொகுதியிலும் கப்பலிலும் அருகில் நின்ற துரப்பண மேடையிலுமாக இருந்தவர்கள் 384 பேர். 22 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள்.

இதில் எங்கே தவறு என்று ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட முடியுமா என்று பாருங்கள். காயம்பட்டவரைக் காப்பாற்ற நினைத்தது தவறல்ல. பாரந்தூக்கி பழுதாயிருந்தது யாருக்கோ தெரியும். பொறிகளில் கோளாறு என்பது இன்னொருவருக்குத் தெரியும். நிலைக்குழாய் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் அறியாத விடயமல்ல. இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் வைத்து, "இன்றைக்கு வேண்டாம், காற்றுத் தணியட்டும்" என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை. என் நான்கு பந்திச் செய்தியில் 'தீ', 'வெடிப்பு', 'மீட்பு' ஆகிய சொற்கள் இருந்தன. விரல் இல்லை. அந்த இரவு எனக்கு விரலைப்பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை என்பது உண்மை. தெரிந்த பிறகும் நாங்கள் எழுதவில்லை என்பதும் உண்மை.

தம்பி தன் தொழிலின் மையமாகச் சொன்னது 'பேர்மிட்' என்ற ஒன்றை. வேலை அனுமதிப் பத்திரம். எண்ணெய் வயலில் ஒரு ஆணியை இறுக்குவதற்கும் அது வேண்டும். என்ன வேலை, எந்த இயந்திரத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வால்வு பூட்டப்பட்டிருக்கிறது, வாயு சோதித்தது யார் என்பனவெல்லாம் அதில் எழுதிக் கையெழுத்திடப்படவேண்டும். "கடதாசிதான் அண்ணா எங்களுக்குத் தலைக்கவசம்" என்றான். ஒரு பத்திரிகைக்காரனாகிய எனக்கு அது சற்று மிகையாகப் பட்டது. பைப்பர் அல்பா பற்றி வாசிக்கும்வரைதான்.

1988 ஜூலை 6 ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வடகிழக்கே வட கடலில் நின்ற மேடை அது. அங்கே வாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் குழாய்க்குள் தள்ள இரண்டு பம்பிகள் இருந்தன. ஒன்று ஓடும், மற்றது ஓய்விலிருக்கும். அன்று பகலில் ஓய்விலிருந்த பம்பியைப் பராமரிப்புக்கென நிறுத்தி, அதன் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலை 6 மணிக்கு வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தை ஒரு இரும்புத் தட்டால் மூடிவிட்டுப் போனார்கள். பம்பியின் பராமரிப்புக்கு ஒரு பத்திரம், வால்வுக்கு இன்னொரு பத்திரம். இரவு 9.45 மணியளவில் ஓடிக்கொண்டிருந்த பம்பி நின்றது. எவ்வளவு முயன்றும் அது இயங்க மறுத்தது. இரண்டும் ஓடாவிட்டால் உற்பத்தியை நிறுத்தவேண்டும். இரவுக் கடமையிலிருந்தவர்கள் பத்திரங்களைப் பார்த்தார்கள். மற்றப் பம்பியின் பராமரிப்பு இன்னும் தொடங்கப்படவில்லை என்ற பத்திரம் கிடைத்தது. வால்வு கழற்றப்பட்டிருப்பதைச் சொல்லும் பத்திரம் அவர்கள் கண்ணில் படவில்லை. வாய்மொழியாகவும் எவரும் சொல்லியிருக்கவில்லை. பம்பியை இயக்கினார்கள். அந்தத் தட்டு வாயுவைத் தாங்கவில்லை. 10 மணிக்கு முதல் வெடிப்பு.

இதன் பிறகு நடந்தவை இன்னும் கொடுமையானவை. கடல் நீரை இறைத்துத் தீயணைக்கும் பம்பிகள் தாமாக இயங்காதபடி கைமுறைக்கு மாற்றப்பட்டிருந்தன. கடலுக்குள் சுழியோடிகள் வேலைசெய்வதால் அவர்கள் உறிஞ்சப்படாதிருக்கவே அந்த ஏற்பாடு. ஒருவரைக் காக்கச் செய்த முன்னேற்பாடு எல்லோருக்கும் எதிராகத் திரும்பியது. கண்ணெதிரே தீ தெரிந்தும் அயலிலிருந்த கிளேமோர், டார்ட்டன் என்னும் மேடைகள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தும் பெரும் முடிவை எடுக்க அங்கிருந்தவர்கள் தயங்கினார்கள். 10.20 மணியளவில் டார்ட்டனிலிருந்து வந்த வாயுக் குழாய் வெடித்தது. தங்குமிடத்தில் கூடியவர்கள் விதிப்படி அங்கேயே காத்திருந்தார்கள். ஹெலிகொப்டர் வரும், கட்டளை வரும் என்று. இரண்டும் வரவில்லை. பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. கட்டளைக்குக் காத்திராமல் கயிற்றில் இறங்கியவர்களும் பல பத்து அடி உயரத்திலிருந்து கடலில் குதித்தவர்களுமே தப்பியவர்களிற் பெரும்பாலோர். மேடையிலிருந்த 226 பேரில் 61 பேர். மீட்கப்போன படகிலிருந்த இருவரையும் சேர்த்து 167 பேர் மாண்டார்கள்.

இரவுக் கடமையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதென்பது என் வாழ்க்கையில் பாதி. எங்கள் ஆசிரிய பீடத்திலும் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. 'இன்ன செய்தி மறுக்கப்பட்டுள்ளது, இரண்டாம் பதிப்பில் எடுத்துவிடவும்' என்று எழுதிவைக்க ஒருமுறை மறந்துவிட்டேன். மறுநாள் உள்பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டோம், அத்துடன் முடிந்தது. பைப்பர் அல்பாவைப் படித்தபோது அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குத் திருத்தம் வெளியிட மறுநாள் ஒன்று இருந்தது.

பிரபு கலன் தலைமையிலான விசாரணை 1990 ஆம் ஆண்டு 106 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றால் வட கடலில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. அரசாங்கம் சொன்ன விதிகளைப் பின்பற்றினோம் என்று காட்டினால் போதாது, தன் மேடையில் என்னென்ன ஆபத்துகள் உள்ளன, அவற்றை எவ்வாறு கட்டுப்படுத்தியிருக்கிறேன் என்பதை நிறுவனமே எழுத்தில் நிரூபிக்கவேண்டும் என்றாயிற்று. எண்ணெய் உற்பத்தியை ஊக்குவிக்கும் அமைச்சிடமிருந்து பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு பிரிக்கப்பட்டது. எவர் மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை.

ஆனால் எழுத்தில் எல்லாம் இருந்தாலும் போதாது என்பதற்கு 2010 ஏப்ரல் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் வெடித்த டீப்வோட்டர் ஹொரைசன் சாட்சி. அன்றுதான் மேலதிகாரிகள் அந்த மேடைக்குச் சென்று, ஏழு ஆண்டுகளாக வேலைநேரம் இழக்கும் காயம் எதுவும் நேரவில்லை என்று பாராட்டினார்கள். வழுக்கி விழுந்ததையும் விரல் நசுங்கியதையும் எண்ணி வைத்த கணக்கு அது. கிணற்றின் அழுத்தச் சோதனை தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதை அந்தக் கணக்கு காட்டாது. இறந்த 11 பேரில் ஒருவர்கூடக் கிணற்றுக்கு உரிமையுடைய நிறுவனத்தின் ஊழியரல்லர், அனைவரும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அந்த மாதங்களில் நாங்கள் உலகப் பக்கத்தில் வெளியிட்ட படம் எண்ணெயில் தோய்ந்த பறவையுடையது. பறவை பாவம், மறுக்கவில்லை.

தம்பியின் ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்பதை இரண்டாம் நாள்தான் சொன்னான்.

அவன் வேலைசெய்த இடத்தில் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு இருந்தது. அழுகிய முட்டை மணம். சிறிதளவாக இருக்கும்போது மூக்கு அறியும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கை அண்டும்போது மூக்கு மரத்துவிடும். மணம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று மனிதன் நினைப்பான். காற்றைவிடப் பாரமானதால் பள்ளத்திலும் தொட்டியின் அடியிலும் தங்கும். எனவே தொட்டிக்குள் இறங்குமுன் ஒட்சிசன் போதுமா, எரியும் வாயு உண்டா, நச்சு வாயு உண்டா என்று கருவி கொண்டு பார்ப்பார்கள். காலையில் பார்த்தார்கள். சரியாக இருந்தது. வெல்டிங் வேலைக்காக அவனும் இன்னும் மூவரும் இறங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தார்கள். திரும்ப இறங்கும்போது மறுபடி சோதிக்கவேண்டுமென்பது விதி. சோதிப்பவர் வேறெங்கோ போயிருந்தார். மேற்பார்வையாளர், காலையில் கையெழுத்திட்ட பத்திரமே போதும், இறங்குங்கள் என்றார்.

இவன் மறுத்துவிட்டான்.

மறுக்கும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. ஆபத்தென்று கண்டால் எவரும் வேலையை நிறுத்தலாம் என்று பல மொழிகளில் பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம். ஆனால் முகவருக்குக் கட்டிய பணத்தை வட்டிக்கு வாங்கியவன், தங்கையின் கலியாணத்துக்கு நாள் குறித்திருப்பவன் அந்தப் பலகையை வாசிக்கும் விதம் வேறு. "உனக்கு எங்கயிருந்தடா அந்தத் துணிவு வந்தது?" என்று கேட்டேன்.

"செல்லையா அண்ணையின்ர கிணறு" என்றான்.

எனக்கும் நினைவிருக்கிறது, நாங்கள் சிறுவர்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கியதால் தோட்டக் கிணற்றுக்குள் படிக்கட்டில் இயந்திரத்தை இறக்கி இறைத்தார்கள். இயந்திரம் நின்றதைப் பார்க்க ஒருவர் இறங்கினார், மேலே வரவில்லை. அவரைத் தூக்க அவர் தமையன் இறங்கினார். எவரும் வாயுவைப் பற்றி அன்று பேசவில்லை. முனி அடித்ததென்று சிலர் சொன்னார்கள். இயந்திரப் புகையின் காபனோரொட்சைட்டு என்பதை நான் அறிந்தது பல வருடங்களின் பின். இரண்டாவதாக இறங்கியவரின் செருப்பு கிணற்றுக் கட்டில் கழற்றி வைத்தபடியே இருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். தொட்டி வாசலில் நின்றபோது அந்தச் செருப்புத்தான் நினைவில் வந்தது என்றான்.

அன்று மேற்பார்வையாளர் வாயில் வந்தபடி ஏசி அவனை முகாமுக்கு அனுப்பினார். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் சோதிப்பவரைத் தேடிப்பிடித்து வந்து சோதித்து, மற்ற மூவரும் இறங்கி வேலையை முடித்தார்கள். எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. இரண்டு மாதத்தின் பின் புதுப்பிக்கப்படாதோர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. தங்கையின் கலியாணம் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. வட்டியை அடைக்கச் சித்தி காணியில் ஒரு துண்டை விற்றார்.

2011 இல் மன்னார்க் கடற்படுகையில் துரப்பணம் செய்து இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டபோது, அதனால் நாட்டுக்கு வரக்கூடிய டொலர்களைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். தம்பி ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கட்டுரை நன்றாயிருக்கிறதென்று சொல்லிவிட்டு, "ஆராரண்ணா அதுக்குள்ள இறங்கப் போறது?" என்று கேட்டான். நான் எழுதியிருந்த ஆயிரத்துச் சொச்சம் சொற்களில் அதற்கு விடை இல்லை.

இப்போது அவன் ஊரில் சிறிய ஒட்டு வேலைத்தலம் ஒன்று நடத்துகிறான். படலை, யன்னற் கம்பி, தண்ணீர்த்தொட்டித் தாங்கி எல்லாம் செய்துகொடுப்பான். பழைய எண்ணெய்ப் பீப்பாய் வெட்டித்தரச் சொல்லி எவரும் வந்தால், முழுக்கத் தண்ணீர் நிரப்பித்தான் தீயை அண்டவிடுவான். வந்தவர்கள் பொறுமையிழந்து வேறிடம் போவதும் உண்டு. கடைசியாகப் போயிருந்தபோது அவனிடம் கேட்டேன், அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சோதித்தார்களே, கருவி என்ன காட்டியது என்று.

"தெரியாதண்ணா. நான்தான் முகாமில இருந்தனே."

"மற்ற மூன்று பேரையும் கேக்கேல்லையா?"

"கேட்டனான். அவங்களுக்கும் நம்பர் சொல்லேல்லை. கொஞ்ச நேரம் காத்து அடிச்சுப்போட்டுத்தான் இறங்கச் சொன்னதாம்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு படலைப் பக்கம் திரும்பினான்.