தாமதத்தின் கூலி

தில்லியில் வீட்டைப் பழுதுபார்க்க முற்படுவோர் ஒப்பந்ததாரரைத் தேடும் முன் மூன்று நாட்காட்டிகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது வீட்டாருடையது. அதில் நல்ல நாளும் ஆகாத நாளும், பிள்ளைகளின் தேர்வும், உறவினர் வருகையும் இருக்கும். இரண்டாவது வேலைக்கு வருவோரின் ஊருடையது. பிகாரிலிருந்து வந்தவர் சத் பூஜைக்கும் ஹோலிக்கும் கோதுமை அறுவடைக்கும் ஊர் திரும்புவார். மூன்றாவது காற்றினுடையது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை எந்த நாளில் எந்த வேலை நிற்கும் என்பதைக் காற்றின் மாசு அளவே தீர்மானிக்கும். ஒப்பந்தத் தாளில் எழுதப்படும் ‘45 நாள்’ என்னும் கணக்கு இம்மூன்றையும் கலந்து பார்த்து எழுதப்படுவதில்லை. அதனால்தான் அது பொய்த்துப்போகிறது.

யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹார் முதல் பகுதியில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதியருக்கு 2024இல் நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. கணவர் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் பணியாற்றியவர். மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். நாற்பதாண்டைத் தொடும் கட்டடம். இரும்புக் குழாய்கள் துருவேறி, இரு குளியலறைகளிலிருந்தும் நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் படர்ந்திருந்தது. இவ்வேலையைத் தள்ளிப்போட முடியாமற்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. உடன் வாழும் கணவரின் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து தேறியவர். வழுக்காத தளமும், உட்காரும் கழிப்பறையும், சுவரில் பிடிப்புக் கம்பியும் இல்லாமல் அவரால் இனி அந்த வீட்டில் நடமாட இயலாது. வேலை முடியும்வரை அவரை நொய்டாவில் இருந்த இளைய மகன் வீட்டில் தங்கவைத்தார்கள். இரண்டு அறை வீடு அது. ஒன்றரை மாதம் என்று சொல்லித்தான் கொண்டுபோய் விட்டார்கள்.

யாரை அமர்த்துவது என்பதில் மூன்று வழிகள் தென்பட்டன. பொருளோடு சேர்த்து மொத்தத் தொகைக்குப் பேசுவது ஒன்று. வீட்டாருக்கு அலைச்சல் இல்லை. ஆனால் சிமெண்டில் குறைத்தாலும், தளத்துக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சில் ஒரு கை குறைத்தாலும் மிச்சம் ஒப்பந்ததாரருடையது. டைல்ஸ் மூடிய பின் அதை யாராலும் பார்க்க முடியாது. பொருளை வீட்டார் வாங்கித் தந்து, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் பேசுவது இரண்டாவது. இதில் பொருளைக் குறைக்கும் ஆசை எழாது; வேலையை விரைந்து முடித்து அடுத்த இடத்துக்குப் போகும் ஆசை எழும். காலையில் லேபர் சவுக்கில் நிற்பவரை நாட்கூலிக்கு அழைத்து வருவது மூன்றாவது. செலவு குறைவு, அவசரமும் இல்லை. ஆனால் இன்று வந்தவர் நாளை வருவார் என்ற உறுதியும் இல்லை.

தம்பதியர் இரண்டாவதைத் தேர்ந்தனர்; இரண்டு நிபந்தனைகளோடு. தொடங்கும் கொத்தனாரே முடிக்கவும் வேண்டும் என்பது முதலாவது. அவர் முன்பு முடித்த குளியலறை ஒன்றைப் பார்க்க வேண்டுமென்று கேட்டு, பக்கத்துக் குடியிருப்புக்குப் போய், அனுமதி பெற்றுத் தளத்தில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்தார் மனைவி. நீர் எங்கும் தயங்காமல் வடிகாலை நோக்கி ஓடியது. வாட்டம் அறிந்த கை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரு குளியலறை முழுதும் முடிந்த பிறகே மற்றதை உடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் ஒருசேர உடைத்தால் கூலி குறையும் என்று ஒப்பந்ததாரர் வற்புறுத்தினார். மனைவி இசையவில்லை. பாதியில் நின்றுபோகும் இரண்டைவிட முழுதாக முடியும் ஒன்று மேல் என்பது அவர் கணக்கு. கணவர் தம் பங்குக்கு, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டத்தொகை எழுத விரும்பினார். “அந்தப் பணத்தை அவர் கையிலிருந்தா தருவார்? கொத்தனார் கூலியிலதான் பிடிப்பார்” என்றார் மனைவி. அந்த வரி தாளில் ஏறவில்லை. வேலை ஒரு கட்டம் முடிந்து, சோதித்துப் பார்த்த பின்பே அக்கட்டத்துக்கான பணம் என்பது மட்டும் எழுதப்பட்டது.

செப்டம்பர் 16ஆம் தேதி தொடங்குவதாகத்தான் முதலில் பேச்சு. 18ஆம் தேதி மாளயபட்சம் பிறக்கிறது. அந்தப் பதினைந்து நாளில் வீட்டை இடிக்கலாகாது என்றாயிற்று. அமாவாசை கழிந்த மறுநாள் நவராத்திரி. கொலு வைத்த வீட்டில் புழுதி கிளப்புவதெப்படி? விஜயதசமிக்குப் பின், அக்டோபர் 14ஆம் தேதி திங்களன்று முதல் உளி விழுந்தது. இருபத்தெட்டு நாள் கழிந்திருந்தது. அந்த இருபத்தெட்டு நாளும் கொத்தனாருக்கு அங்கே கூலி இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் இரு வாரமும் வேலை சீராக நடந்தது. பழைய தளம் பெயர்க்கப்பட்டது. மல்பா என்று தில்லியில் வழங்கும் இடிபாட்டைச் சாக்குகளில் கட்டி இறக்கினார்கள். புதிய பிளாஸ்டிக் குழாய்கள் பதிந்தன. நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் வடிகாலை அடைத்து, நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கீழ்வீட்டுக் கூரையை இரு வேளையும் பார்த்து வந்தனர். கசிவில்லை. 28ஆம் தேதி அதன்மேல் கான்கிரீட் தளம் போடப்பட்டது. மறுநாள் காலை கொத்தனாரும், உதவியாளாக வந்திருந்த அவருடைய அக்காள் மகனும் ஊருக்குப் புறப்பட்டார்கள். தீபாவளி முடிந்து, நவம்பர் 7ஆம் தேதி மாலையும் 8ஆம் தேதி காலையும் ஆற்றில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடும் சத் பூஜையும் முடிந்த பிறகே திரும்புவார்கள். “அம்மா விரதம் இருக்கிறாள், மாதாஜி. நான் இல்லாமல் கூடையைச் சுமப்பது யார்?” என்று கொத்தனார் கேட்டதற்கு விடை சொல்ல வீட்டார் எவராலும் முடியவில்லை. நவராத்திரிக்காகத் தள்ளிப்போட்டவர்கள் சத் பூஜையைக் குறை சொல்வதெப்படி?

அந்த இடைவெளி தளத்துக்கு நன்மையாக முடிந்தது. கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டாயின் 10 நாளும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 456 கூறும் விதி. மூன்றாம் நாளே டைல்ஸ் பதிக்கலாம் என்றிருந்தார் ஒப்பந்ததாரர். ஆளில்லாத வீட்டில் மனைவி காலையும் மாலையும் தளத்தில் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்து வந்தார். தாமதம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றுள் சில, வேலையின் பகுதியே ஆகும். அவற்றைச் சுருக்கினால் பிற்காலத்தில் சுவர் பேசும்.

கொத்தனார் நவம்பர் 14ஆம் தேதி இரவு திரும்பினார். அன்று மாலையே காற்றுத் தர மேலாண்மை ஆணையம், படிநிலைச் செயல்திட்டத்தின் மூன்றாம் நிலையை மறுநாள் காலை எட்டு மணி முதல் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்திருந்தது. காற்றுத் தரக் குறியீடு 400ஐக் கடந்தால் வரும் நிலை அது. இடிப்பும், செங்கல் வேலையும், பூச்சும், டைல்ஸ் வெட்டிப் பதிப்பதும், வர்ணமும் தடைக்குள் வரும். வீட்டுக்குள் செய்யும் சிறு பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு. பெயர்த்தெடுத்த குளியலறை சிறு பழுதா என்பதில் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ஐயம் இருக்கவில்லை. மணல் மூட்டை படியேறுவதற்கு அவர் அனுமதிக்கவில்லை. 18ஆம் தேதி நான்காம் நிலையும் வந்தது. டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தளர்வுக்கு இசையும்வரை இருபத்தொரு நாள் கரண்டியைத் தொட முடியவில்லை.

ஆட்களை அமர்த்துவதில் உண்மையான முடிவு எடுக்க வேண்டியிருந்தது இந்நாட்களில்தான். குழாய் வேலை, மின்வேலை, தச்சுவேலை ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆகவே பின்னால் வைத்திருந்த மின்கம்பி மாற்றத்தையும் சமையலறை அலமாரிகளையும் முன்னுக்குக் கொண்டுவந்தனர். மின்பணியாளருக்குத் துணையாக உதவியாள் அமர்ந்தார். அவருக்குக் கூலி கிடைத்தது. கொத்தனாருக்குத்தான் வழியில்லை. வேலை நடந்தால்தான் கூலி. தடைக்கு நான் பொறுப்பில்லை என்றார் ஒப்பந்ததாரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய மூன்று இடங்களும் நின்றுபோயிருந்தன.

அரசு என்ன செய்தது? தடையால் வேலையிழந்த கட்டடத் தொழிலாளர்க்கு, அவர்களுக்கென்று வசூலித்த தீர்வையிலிருந்து பிழைப்பூதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தில்லி அரசு 8,000 ரூபாய் என்றது. முதலில் 2,000 மட்டும் கொடுத்தது. எஞ்சியதையும் கொடுக்குமாறு நீதிமன்றம் கண்டித்தது. பெற்றவர் ஏறத்தாழ 90,000 பேர். அனைவரும் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்கள். பதிவுக்கு, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததைக் காட்ட வேண்டும். இந்தக் கொத்தனார் பதினொரு ஆண்டாகத் தில்லியில் வேலை செய்பவர், பதிவு இல்லை. வீடு வீடாகப் போய்ச் செய்யும் வேலைக்கு யார் சான்று எழுதிக் கொடுப்பார்கள்? அப்போது நடப்பிலிருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் செலவிடும் தனிமனிதரை நிறுவனமாகக் கருதவில்லை. ஆக, தடை இரண்டாம் தளத்துக் குளியலறை வரை ஏறி வந்தது. நிவாரணம் தெருவிலேயே நின்றுவிட்டது.

தம்பதியர் ஒரு மாலை கணக்குப் போட்டார்கள். கொத்தனாரின் நாட்கூலி 900 ரூபாய். ஞாயிறு நீங்கலாகப் பதினெட்டு நாளுக்கு அரைக்கூலி என்றால் 8,100. அரசு சொன்ன தொகைக்கு ஏறத்தாழ ஒப்பானது. புதிய கொத்தனாரை அமர்த்தினாலோ, பிறர் போட்ட தளத்தின் வாட்டத்துக்கு அவர் பொறுப்பேற்கமாட்டார். உடைத்துப் போடச் சொல்வார். அதன் செலவு இதனினும் பன்மடங்கு. கருணை என்று இதைச் சொல்லிக்கொள்ள இருவரும் விரும்பவில்லை. “நம்ம 28 நாளுக்கு ஒண்ணுமே கொடுக்கலையே” என்றார் மனைவி. கொத்தனார் அரைக்கூலிக்கு இசைந்தார். மீதிக்கு இரவில் காஜிப்பூர் மண்டியில் காய்கறி மூட்டை இறக்கப் போனார். இது மற்ற வீட்டார்க்குத் தெரிந்தால் தமக்குத் தொல்லை என்று ஒப்பந்ததாரர் முணுமுணுத்தார்.

டிசம்பர் 6ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வாசலில் நின்றார். உதவியாள் வரவில்லை. சூரத்தில் யாரோ நிரந்தர வேலை சொல்லியிருந்தார்கள். முந்திய வாரமே சொல்லாமல் போய்விட்டார். கூலி பெற்றவர் போய்விட்டார், அரைக்கூலி பெற்றவர் நின்றார். இதிலிருந்து விதி ஒன்றும் வகுக்க முடியாது. பத்து நாளில் முதல் குளியலறையின் சுவரும் தளமும் முடிந்தன. டிசம்பர் 16ஆம் தேதி மீண்டும் தடை வந்தபோது எஞ்சியிருந்தவை குழாய் வேலையும் பிடிப்புக் கம்பிகளுமே, அவற்றுக்குத் தடையில்லை. 22ஆம் தேதி ஞாயிறன்று தாயார் வீடு திரும்பினார். இரண்டையும் ஒருசேர உடைத்திருந்தால் அவர் நொய்டாவில் பொங்கலையும் கண்டிருப்பார்.

இரண்டாம் குளியலறை ஜனவரியில் நடந்தது. தடை வந்து வந்து போயிற்று. இடையே ஆறு நாள், ஒப்பந்ததாரர் கொத்தனாரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுக்காமலிருந்தார். அதற்கு மட்டும் தம்பதியர் பொறுமை காட்டவில்லை. கட்டப் பணத்தை நிறுத்தினர். ஏழாம் நாள் கொத்தனார் வந்தார். ஜனவரி 31ஆம் தேதி வேலை முடிந்தது. 45 நாள் என்று பேசியது 110 நாளாயிற்று.

மனைவியின் குறிப்பேட்டில் அந்த நாட்கள் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஊர் கேட்டவை 17. நவம்பரிலும் டிசம்பரிலும் காற்று கேட்டவை 33. ஒப்பந்ததாரர் தின்றவை 6. வேலை தொடங்கும் முன் வீட்டாரே எடுத்துக்கொண்டவை 28. வீடு பழுதுபார்த்த எவரிடம் கேட்டாலும் முதலில் சொல்லப்படுவது அந்த ஆறு நாளின் கதைதான். ஏமாற்றிய ஒருவர் அதில் இருக்கிறார், சொல்வதற்கு எளிது. ஏனைய நாட்களுக்கு ஏமாற்றியவர் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூலி உண்டு. அதை யார் இழப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோது, பேரம் பேச வலுவற்றவரே இழக்கிறார்.

எழுதுவது கடினமன்று. தொடங்கும் மாதத்தைத் தேரும்போதே காற்றையும் ஊர்த் திருவிழாவையும் பார்க்கலாம்; மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் அறுவடை உண்டு என்பதையும் நினைக்கலாம். தடை நாளில் செய்யத்தக்க வேலைகளைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். காத்திருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கலாம். இன்னொன்றையும் செய்யலாம். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று கணவர் ஒரு தாளில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இத்தனை நாள் இக்கொத்தனார் தம் வீட்டில் கட்டட வேலை செய்தார் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். 90 நாளுக்கு அது போதாது. முன்பு வேலை செய்த வேறொரு வீட்டிலும் இதுபோல் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, கொத்தனார் அதை மடித்துத் தம் கைப்பேசியின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.